லாந்தர் கட்சியின் ஈர ஓட்டுகள்

செத்தவர்கள் ஓட்டுப் போட வந்த முதல் தேர்தலில் எங்களுக்கு இருந்த பெரிய கவலை, நாற்காலி போதாதே என்பதுதான். நாற்காலி என்னுடையது, பந்தலும் என்னுடையது. சுமத்ராவில், மேடான் பட்டணத்தில், ஆற்றையொட்டிக் கிடக்கிற புளியமரச் சந்தில் கல்யாணமோ கருமாதியோ தேர்தலோ எது நடந்தாலும் அதே நீலப் பந்தலைக் கட்டி அதே பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போடுகிற ரெங்கசாமி நான். பந்தல் போடுகிறவனே ஓட்டுச்சாவடித் தலைவனாகவும் இருந்து தொலைக்கட்டும் என்று சந்துக்காரர்கள் அந்தப் பதவியையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். அன்று காலையில் பெட்டியைத் திறந்து காட்டி, பூட்டி, முத்திரை வைத்துவிட்டு நிமிர்ந்தால், ஆற்றுப் படிக்கட்டிலிருந்து ஒரு வரிசை ஏறி வந்துகொண்டிருக்கிறது. எல்லாரும் சொட்டச் சொட்ட நனைந்த ஆம்பளைகள், சாரமும் பனியனும் அரைக்கால் சட்டையுமாக, பழைய காலத்து முடிவெட்டோடு, ஒருத்தருக்கும் வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்காது. "ஐயையோ, இத்தன பேர எங்கடா உக்கார வைக்கிறது?" என்று நான் கத்தினேனாம். என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள், சிரித்து முடித்ததும் முகம் மாறி உள்ளே போய்விடுவாள்.

யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து முடிந்து அறுபத்தாறு பிறந்த அந்த மாதங்களில், எஸ்டேட் சங்கத்தில் கையெழுத்துப் போட்டவன், சங்க ஊர்வலத்துக்கு லாரி ஓட்டினவன், ஊர்வலத்தில் வந்தவர்களுக்கு டீ ஊற்றினவன், அவன் பக்கத்து வீட்டில் குடியிருந்தவன் என்று, இந்தச் சந்திலிருந்தும் இதற்கு மேலும் கீழும் உள்ள சந்துகளிலிருந்தும், தமிழர், ஜாவாக்காரர், சீனர் என்ற வித்தியாசம் பார்க்காமல், கம்யூனிஸ்டு என்று சொல்லி, பட்டாளமும் அதன் அடியாட்களும் கூட்டிக்கொண்டு போனார்கள். பெட்ரோமாக்ஸ் லாந்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, "ஒரு கேள்வி இருக்கு, வந்துட்டுப் போ," என்பார்கள். போனவன் கடைசியாகப் பார்த்தது அந்த லாந்தரை, அதற்கப்புறம் ஆறு. உடல் கிடைக்காததால் இறப்புச் சான்றிதழ் கிடையாது. கேட்கப் போன பெண்டாட்டிகளிடம், செத்தார் என்று எழுதினால் எப்படிச் செத்தார் என்றும் எழுத வேண்டிவரும், அது எங்களால் ஆகாது என்று ஆபீஸ்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஆகவே அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவர்கள் அத்தனை பேரும் உயிரோடுதான் இருந்தார்கள், உயிரோடிருப்பவனுக்கு ஓட்டு உண்டு. பட்டியலில் பெயர் இருந்தது, நான் சீட்டைக் கொடுத்தேன்.

இங்கே ஓட்டு என்றால் ஆணி. வேட்டியைப் போல விரிகிற சீட்டில் ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு கட்டம் இருக்கும், கட்டத்துக்குள் சின்னம். தடுப்புக்குப் பின்னால் போய், மேசையில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிற ஆணியை எடுத்து, வேண்டிய சின்னத்தில் ஒரு குத்துக் குத்திவிட்டு, மடித்துப் பெட்டியில் போட்டு, கடைசி மேசையில் சுண்டுவிரலை மையில் முக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அத்தனை கட்சிகளில் ஒரு கட்சிக்கு லாந்தர் சின்னம். தெர்த்திப் கட்சி என்பது அதன் நிஜப்பெயர், ஒழுங்கு என்று அர்த்தம். ரிட்டயர்டு ஆன நாலைந்து அதிகாரிகளும், முன்னொரு காலத்தில் லாந்தர் தூக்கினவர்களும் சேர்ந்து, நாட்டில் ஒழுங்கு கெட்டுவிட்டது, பழைய கெடுபிடி திரும்ப வரவேண்டும் என்று ஆரம்பித்த கட்சி. நாடு முழுக்க நூற்றுக்கு ஒரு ஓட்டுக்கூடத் தேறாத கட்சி. தோற்றுப்போன கட்சி அதே பெயரில் மறுபடி நிற்க முடியாது என்பதால் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பெயரில் ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொள்ளும், தெர்த்திப் என்பது தெர்த்திப் நெகாரா ஆகி, தெர்த்திப் நெகாரா ராயா ஆகி, பேனரில் எழுத இடம் போதாமல் போனது. நாங்கள் எல்லாரும் லாந்தர் கட்சி என்றுதான் சொல்வோம்.

செத்தவர்கள் ஒருத்தர் முகத்தையும் பார்க்கவில்லை. சீட்டை வாங்கினார்கள், தடுப்புக்குப் பின்னால் போனார்கள், விரித்தார்கள், அந்தச் சின்ன லாந்தரைப் பார்த்தார்கள். அப்புறம் தக், தக், தக், தக் என்று சத்தம் கேட்டது பாருங்கள், நாற்பது வருஷம் தண்ணீருக்கடியில் அடக்கி வைத்திருந்த கோபத்தை அந்த ஆணி முனையில் இறக்கினார்கள், குத்தினார்கள், குத்தினார்கள், சீட்டு கிழிந்து, அடியில் வைத்த ஸ்பாஞ்சு கிழிந்து, என் மேசைப்பலகையில் ஆணி இறங்குகிறது, வெளியில் வரிசையில் நிற்கிற பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறார்கள். ஒருத்தர் வெளியே வந்தால் அடுத்தவர் போவார், மறுபடி தக் தக் தக். மத்தியானத்துக்குள் மூன்று மேசை நாசமானது, தேர்தல் ஆபீஸ் அதற்கு ஒரு பதிலும் சொல்லவில்லை.

சாயங்காலம் எண்ணினோம். சந்தே கூடி நிற்க ஒவ்வொரு சீட்டாக எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஓட்டை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எல்லாருக்கும் காட்டி, கட்சிப் பெயரைச் சொல்லி, செல்லுபடியாகும் என்பதற்கு "சாஹ்!" என்று கத்துவது தலைவர் வேலை. முதல் ஈரச் சீட்டை எடுத்தேன், லாந்தர் இருந்த இடம் சல்லடையாகித் தொங்கியது. "இதென்ன ஓட்டா? கோபத்துல குத்துனது தெரியல?" என்றேன். லாந்தர் கட்சி ஏஜெண்டு எழுந்து நின்று விதியைப் படித்தான்: எத்தனை ஓட்டை இருந்தாலும் எல்லாம் ஒரே கட்சியின் கட்டத்துக்குள் இருந்தால் அது அந்தக் கட்சிக்கு விழுந்த ஒரு ஓட்டு. படிக்கும்போது அவன் குரலில் அவனுக்கே நம்பிக்கையில்லை. மற்ற ஏஜெண்டுகளும் எட்டிப்பார்த்து, ஆமாம் விதி அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். நான் "சாஹ்" என்றேன், ஒவ்வொரு ஈரச் சீட்டுக்கும் சொன்னேன், தொண்டை கட்டிப்போகும்வரை சொன்னேன். ஆற்றோரச் சாவடிகள் எல்லாவற்றிலும் அதே கதை. நாட்டில் எங்குமே தேறாத லாந்தர் கட்சிக்கு எங்கள் நகரமன்றத்தில் ஒரு இடம் கிடைத்தது, அதில் போய் உட்கார்ந்தவர் குஸ்னான். அறுபத்தைந்தில் எங்கள் சந்துக்கு வந்த கூட்டத்தில் மீசை முளைக்காத பையனாக முன்னால் நின்று லாந்தரைத் தூக்கிப் பிடித்திருந்தவர் அவர்தான்.

இதில் லோகாம்பாளைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அன்று மை மேசையில் உட்கார்ந்திருந்தவள் அவள். அவளுடைய அப்பா வேதமுத்து, லாரி டிரைவர், கூப்பிட்டுக்கொண்டு போகும்போது அவள் இடுப்புக் குழந்தை, ஒரு போட்டோகூட மிச்சம் வைக்காமல் வீட்டைக் கொளுத்திவிட்டார்கள். இடது முழங்கையில் ரேடியேட்டர் தண்ணி பட்டு வெந்த தழும்பு இருக்கும் என்று அவள் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்ததுதான் அவளுக்கு அப்பா. அன்று கருத்த, ஒல்லியான, இருபத்தொன்பது வயது ஆள் ஒருத்தர் மைப்புட்டிக்கு நேரே கையை நீட்டினபோது அந்தத் தழும்பைப் பார்த்தாள். விரலைப் பிடித்தாள், மையில் முக்கினாள், துடைக்கவில்லை, விடவுமில்லை. குத்தி முடித்து வருகிறவர்களுக்கு வெறி கொஞ்சம் இறங்கிக் கண் தெளியும், மை மேசையில் மட்டும்தான் அவர்கள் கண் எதிரில் இருப்பவர் மேல் படும். "அப்பா," என்றாள், தன்னைவிடப் பத்துப் பதினைந்து வயசு இளையவராகத் தெரிந்த அந்த ஆளைப் பார்த்து. அவர் அவள் முகத்தை, எங்கோ பார்த்த முகம் போலப் பார்த்தார், பார்த்துக்கொண்டே பின்னாலிருந்தவர் நெருக்க நகர்ந்து படியிறங்கிப் போய்விட்டார். அன்று சாயங்காலம் படிக்கட்டு ஓரமெல்லாம் தண்ணீர் ஊதா நிறத்தில் கலங்கிக் கிடந்தது, அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மனுஷன் எதற்குத்தான் பழகமாட்டான், சொல்லுங்கள். அடுத்த தேர்தலுக்குள் எல்லாம் ஒழுங்காகிவிட்டது. ஈரமானவர்களுக்குத் தனி வரிசை, அவர்களிடம் வயது கேட்கக்கூடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. தரையில் தார்ப்பாய் விரித்தோம், வீட்டுக்கு நாலு துண்டு வாங்கினோம், பலகைக்குப் பதில் தகரம் அடித்த மேசை செய்தேன். அப்பனுக்குப் பிடிக்கும், தாத்தாவுக்குப் பிடிக்கும் என்று சந்துப் பெண்கள் விடிய முன்னே கருவாட்டுக் குழம்பும் புட்டும் செய்து வைத்தார்கள், அவர்கள் அதைத் தொடவேயில்லை, நாங்கள்தான் தின்றோம். பிறந்த குழந்தையை மை மேசையில் தாத்தாவிடம் காட்டிவிட்டுத்தான் பெயர் வைப்பது என்று ஒரு வழக்கம் வந்தது, பார்த்த பெண்ணைக் காட்டிவிட்டுத்தான் நிச்சயம் செய்வது என்று இன்னொன்று. ஐந்து வருஷத்துக்கு ஒருநாள் வீட்டு ஆம்பளை வீட்டுக்கு வருகிறான் என்றால் யாருக்குத்தான் கசக்கும். அவன் யாருக்கு ஓட்டுப் போட்டுவிட்டுப் போகிறான் என்பதை யாரும் வீட்டில் பேசிக்கொள்வதில்லை.

குஸ்னான் பேசினார். எந்தச் சீட்டால் தான் ஜெயித்தோம் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. இரண்டாம் தேர்தல் பிரசாரத்துக்கு மற்றக் கட்சிக்காரர்கள் எல்லாரும் சந்து சந்தாகப் போய் உயிரோடிருப்பவர்கள் காலில் விழுந்துகொண்டிருக்க, இந்த ஆள் மட்டும் பட்டப்பகலில் ஒரு பெட்ரோமாக்ஸைப் பற்றவைத்து ஆற்றுப் படிக்கட்டில் வைத்துவிட்டு, மைக்கைப் பிடித்துத் தண்ணீரைப் பார்த்துப் பேசினார். யார் யாரை எப்படிக் கூப்பிட்டார்கள், யார் அழுதான், யார் அம்மா என்றான், யாருடைய சட்டையைக் கழற்றி யார் போட்டுக்கொண்டார்கள் என்று பெயர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "கேக்குதா? மறுபடியும் செய்வோம்!" என்று முடித்தார். தண்ணீர் கொதிக்கிற பாத்திரம் மாதிரிக் கொப்புளித்தது. கரையில் நின்ற நாங்கள் கல்லெடுத்தோமா என்று கேட்காதீர்கள், சுற்றி அவருடைய ஆட்கள் நின்றார்கள், நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டோம்.

அதற்கப்புறம்தான் நான் லோகாம்பாளிடம் போனேன். சந்தில் அப்பாவின் விரலைப் பிடித்தவள் அவள், சொன்னால் அவர் கேட்பார், அவர் கேட்டால் மற்றவர்களும் கேட்பார்கள் என்று ஒரு கணக்கு.

"இந்தத் தடவ நீ மை மேசையில உக்காராத. முன்னாடி, சீட்டுக் குடுக்கிற மேசையில உக்காரு," என்றேன். "உங்கப்பா வரும்போது, குத்தாதீங்கப்பா, குத்தினா அது அவனுக்குத்தான் போவுதுன்னு சொல்லு."

"முன்னாடி வரும்போது அவர் என்னப் பாக்கமாட்டாருண்ணே. லாந்தர மட்டுந்தான் நெனச்சுக்கிட்டு வருவாரு. குத்தி முடிச்சாத்தான் கண்ணு தெளியும்."

"கூப்பிட்டுப் பாரேன்."

"கூப்பிட்டு, கேட்டு, குத்தாமப் போயிட்டார்னா?" அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "குத்துறதுக்குத்தான வர்றாங்க. அந்தக் கோவமும் எறங்கிருச்சுன்னா அப்புறம் எதுக்குண்ணே வருவாங்க? போன தடவ என்னப் பாத்தாருண்ணே. இந்தத் தடவ பேர் சொல்லிக் கூப்பிடுவாரு."

"உன் பேரக் கேக்கறதுக்காக அந்தக் கொலகாரன் நம்மள ஆளணுமா?" என்று நடுத்தெருவில் கத்தினேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தத் தேர்தலில் அவள் மை மேசையில்தான் உட்கார்ந்தாள். வேதமுத்து வந்தார், விரலைக் கொடுத்தார், அவள் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தார், பேச்சு வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. லாந்தர் கட்சிக்கு மூன்று இடம். எண்ணும்போது தகராறு செய்த ஒரே ஆள் அவள் மகன் திருமேனி. பெச்சா என்கிற ரிக்ஷா வண்டி ஓட்டுகிற பையன், தகப்பன் பெலவான் துறைமுகத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்ட பிறகு அவள் ஒற்றையாக வளர்த்த பிள்ளை, அந்த வருஷம் வேறொரு கட்சிக்கு ஏஜெண்டாக வந்திருந்தான். "ஏழு ஓட்ட இருக்கு மாமா, இது ஓட்டு இல்ல, சாட்சி! இதப் போயி சாஹ்னு சொல்றீங்களே!" என்று என் கையிலிருந்து சீட்டைப் பிடுங்கினான், குஸ்னானின் பெயரைச் சொல்லி கொலைகாரன் என்று சந்து கேட்கக் கத்தினான். லாந்தர் ஏஜெண்டு அவன் பெயரைக் கேட்டுக்கொண்டான். நல்ல குரல் பையனுக்கு, ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும்.

மூன்று இடம் வந்ததும் லாந்தர் கட்சி மன்றத்தில் ஒழுங்குச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. சந்துக்குச் சந்து ஒழுங்குக் காவல், கையில் தடி, மற்றொரு கையில், வேறென்ன, லாந்தர். பெரிய கட்சிகள் மூன்று ஓட்டு நமக்கும் உதவுமே என்று கையைத் தூக்கிவிட்டன. ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் அவர்கள் லோகாம்பாள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். திருமேனி பெச்சாவைக் கழுவிக்கொண்டிருந்தான். "ஒரு கேள்வி இருக்கு, வந்துட்டுப் போ," என்றார்கள். அவள் அந்த வார்த்தையைக் கேட்டதுமே, "போகாதடா, போகாதடா," என்று தரையில் உட்கார்ந்தபடியே கத்தியிருக்கிறாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, "கேள்விதானம்மா," என்று போனான்.

உடல் கிடைக்கவில்லை. ஆகவே சான்றிதழ் இல்லை. ஆகவே பட்டியலில் பெயர் இருந்தது. சந்தில் எல்லாருக்கும் இதன் அர்த்தம் அன்றைக்கே புரிந்துவிட்டது. லாந்தர் கட்சி தன் ஓட்டைத் தானே உற்பத்தி செய்துகொள்ளக் கற்றுக்கொண்டுவிட்டது. நான் ஒருநாள் பந்தல் கால்களை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே அழுதேன், அந்தப் பையனின் காதுகுத்துக்கும் நான்தான் பந்தல் போட்டேன்.

மூன்றாம் தேர்தலுக்கு முந்தின நாள் லோகாம்பாள் வந்தாள். தலை பூராவும் வெளுத்திருந்தது.

"அண்ணே, முன் மேசையில ஒக்காருறேன்," என்றாள்.

காலையில் ஆற்றுப்படி ஏறி வரிசை வந்தது. வேதமுத்து எப்போதும் போல முதல் ஐந்தாறு பேருக்குள். சீட்டுக்குக் கை நீட்டினார், அவள் சீட்டின் மறுமுனையை விடாமல் பிடித்துக்கொண்டாள். "அப்பா, என்னப் பாருங்கப்பா," என்றாள். பார்க்கவில்லை. "அப்பா, நான் லோகாம்பா. குத்தாதீங்கப்பா. நீங்க குத்துற ஒவ்வொரு குத்தும் அவனுக்குத்தான் போவுது. அதுலதான் அவன் ஒக்காந்திருக்கான். அதுலதான் ஏம்புள்ளையக் கொன்னான். ஒங்க பேரன்ப்பா." அவர் சீட்டை இழுப்பதை நிறுத்தினார். நிமிர்ந்து, குத்தாமலே கண் தெளிந்து, அவளைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார்.

"லோகு," என்றார். "தல நரச்சுப்போச்சேம்மா."

அவ்வளவுதான் சொன்னார். தடுப்புக்குப் பின்னால் போனார், ஆணிச் சத்தம் வரவில்லை. மடித்த சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, மை மேசைப் பக்கமே திரும்பாமல், ஈரம் சொட்டுவது நின்றுபோன உடம்போடு படியிறங்கிப் போனார். அவள் எழுந்து பின்னாலே ஓடப்போனாள், நாற்காலியைத் தள்ளிவிட்டாள்கூட, அதற்குள் வரிசையில் அடுத்த ஆள் மேசைக்கு முன் வந்து நின்றுவிட்டான். திருமேனி. பெச்சா கழுவும்போது போட்டிருந்த அதே மஞ்சள் பனியன்.

"ஐயா, எஞ்சாமி," என்றாள். மேசைக்கு இந்தப் பக்கமிருந்தே அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். பழைய ஆட்களைப் போல இல்லை, அவன் அவளைப் பார்த்தான். "ஒனக்குத் தெரியாததா. நீதான கத்துன, ஏழு ஓட்ட இருந்தாலும் சாஹ்னு சொல்றாங்கன்னு. தாத்தா குத்தல. நீயும் குத்தாதடா."

"தெரியும்மா," என்றான். "குத்தமாட்டேன்."

போனான். தடுப்புக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை, நாங்கள் எல்லாரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றோம், யாரோ ஒரு பெண் சாமி பெயரை முணுமுணுத்தாள். அப்புறம் தக் என்று ஒன்று. அப்புறம் தகரம் கிழிகிற மாதிரி தக் தக் தக் தக் என்று நிற்காமல். லோகாம்பாள் மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வெளியே வந்தவன் மையில் விரலை முக்கிவிட்டு, அவளிடம் திரும்பி வந்தான், எங்கள் சாவடியில் யாரும் அப்படித் திரும்பி வந்ததில்லை.

"மன்னிச்சுக்கம்மா. ஆணி கைக்கு வந்ததும் அந்த வெளக்கு மட்டுந்தாம்மா தெரிஞ்சுது."

சாயங்காலம் வேதமுத்துவின் சீட்டை நான்தான் தூக்கிப் பிடித்தேன். ஈரம் காய்ந்து, ஒரு ஓட்டை இல்லாமல், முழுசாக இருந்தது. செல்லாது என்று கத்தினேன், வாழ்நாளில் ஒரு வார்த்தையை அவ்வளவு சந்தோஷமாகக் கத்தினதில்லை. அடுத்த சீட்டை எடுத்ததும் சந்தோஷம் போய்விட்டது, லாந்தர் கட்டமே பிய்ந்து நூலாகத் தொங்கியது, யார் குத்தினது என்று மஞ்சள் பனியன் சாயம் படிந்த மடிப்பைப் பார்த்ததுமே தெரிந்தது. ஏஜெண்டு என்னைப் பார்த்தான். நான் லோகாம்பாளைப் பார்த்தேன்.

"சொல்லுண்ணே," என்றாள்.

சொன்னேன். லாந்தர் கட்சிக்கு ஐந்து இடம் கிடைத்தது, அந்தத் தடவை பெயரில் வார்த்தை சேர்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.

மறுவருஷம் மேயர் தேர்தல். குஸ்னானே நின்றார். மேயர் தேர்தல் சீட்டில் சின்னம் கிடையாது, போட்டோதான், கட்டம் நிறைய அவர் முகம், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. படிக்கட்டில் லாந்தரை வைத்துவிட்டு இந்தத் தடவை அவர் ஒரே ஒரு பெயரைத்தான் சொல்லிச் சிரித்தார், அது யார் பெயர் என்று நான் சொல்லத் தேவையில்லை. முந்தின நாள் நான் பந்தலில் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது லோகாம்பாள் வந்து நின்றாள். இந்தத் தடவை பையன் கேட்பான், தாத்தா கேட்டாரே, இரண்டாவது தடவை சொன்னால் கேட்பான் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது, நான் முன் மேசை நாற்காலியை இழுத்து அவளிடம் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவேயில்லை.

"மை மேசைண்ணே," என்றாள்.

ஒரு காலத்தில் நடுத்தெருவில் நின்று அவளைப் பார்த்துக் கத்தினவன் நான். அன்று மைப்புட்டியைக் குலுக்கி, மூடியைத் துடைத்து, அவள் நாற்காலிக்கு முன்னால் வைத்தேன்.

காலையில் வரிசை வந்தது, வேதமுத்து அதில் இல்லை. அவள் வரிசையின் கடைசிவரை கழுத்தை நீட்டிப் பார்த்தாள், இல்லை. இனி வரமாட்டார், பெற்றவரை அவளே அனுப்பிவிட்டாள். முன் மேசையில் உட்கார்ந்திருந்த என் மனைவி வாயே திறக்காமல் சீட்டுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டதும் லோகாம்பாள் முந்தானையால் மேசையைத் துடைத்தாள், தலையை ஒதுக்கிக்கொண்டாள். திருமேனி வந்து கையை நீட்டினான். அவள் சுண்டுவிரலைப் பிடித்து மையில் முக்கி, எடுத்து, மறுபடி முக்கி, விடாமல் வைத்திருந்தாள். பின்னால் வரிசை தேங்கியது. செத்தவர்கள் நின்றார்கள், உயிரோடிருந்தவர்களும் நின்றார்கள், யாரும் சீக்கிரம் என்று சொல்லவில்லை.

"எளச்சுட்டியேடா," என்றாள்.

"அடுத்தது எப்பம்மா?" என்று கேட்டான்.

"இன்னும் நாலு வருஷம்," என்றாள். "மறந்துடாத. நேரத்தோட வந்துடுய்யா."

சாயங்காலம் அவன் சீட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். குஸ்னானின் கண் இருந்த இடத்தில் கண் இல்லை, வாய் இருந்த இடத்தில் வாய் இல்லை, அந்தப் பக்கம் நின்ற சந்து ஜனம் அத்தனை பேர் முகமும் ஓட்டை வழியாக எனக்குத் தெரிந்தது. யாராவது வேண்டாம் என்று சொல்வார்களா என்று கொஞ்சம் காத்திருந்தேன். ஒருத்தரும் சொல்லவில்லை, எல்லார் வீட்டுக்கும் ஆற்றில் ஒரு ஆள் இருந்தான். "சாஹ்," என்றேன்.